மாதிரி ரயில் வேகனுக்கு நக்கிள் கப்ளர்: உயரம் பார்த்து மாற்றும் முறை

மாதிரி ரயில் ஒன்றைப் பக்கவாட்டில் படம் எடுத்துப் பாருங்கள். வேகனின் பெயின்ட், எழுத்து, ஏணி எல்லாம் அசலைப் போலவே இருக்கும். இரண்டு வேகன்களுக்கு நடுவில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் கொக்கி துருத்திக்கொண்டு, 'இது பொம்மைதான்' என்று காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கொக்கியை எடுத்துவிட்டு, அசலைப் போன்ற நக்கிள் கப்ளரை, அதாவது விரல் மடக்கியது போன்ற இணைப்பானைப் பொருத்துவது தொடக்கநிலையில் உள்ளவர்களும் துணிந்து செய்யக்கூடிய வேலை. ஆனால் கப்ளரை வாங்கினோம், மாட்டினோம் என்று உயரத்தைப் பார்க்காமல் விட்டால், ஏற்றத்தில் போகும்போது ரயில் பாதியில் பிரிந்து நிற்கும். இந்த வேலையில் முக்கால் பங்கு உயரம் பார்ப்பதுதான். அது சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் திருகு முடுக்குகிற வேலை.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஹெச்ஓ அளவிலான அமெரிக்கச் சரக்கு வேகன்கள். விகிதம் 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. கப்ளர் மாற்றத்துக்கான உதிரிகள் அதிகம் கிடைப்பதும், அளவுகள் தெளிவாக வகுக்கப்பட்டிருப்பதும் இந்த அளவில்தான். இதைவிடச் சிறிய 'என்' (N) அளவு பற்றிப் பிற்பகுதியில் பார்ப்போம்.

பழைய கொக்கியில் என்ன குறை

பல பத்தாண்டுகளாக ஹெச்ஓ கிட்டுகளோடு (நாமே கோத்துக்கொள்ளும் வேகன் பாகங்களின் தொகுப்பு) இலவசமாக வந்தது 'ஹார்ன் ஹூக்' எனப்படும் எக்ஸ்2எஃப் கப்ளர். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் குழு ஒன்று 1950களில் உருவாக்கிய வடிவம் அது. சங்கம் அதை அதிகாரபூர்வத் தரமாக ஏற்கவே இல்லை. ஆனாலும் மலிவாக வார்க்க முடிந்ததால் பெரும்பாலான நிறுவனங்கள் அதையே போட்டன. அசல் ரயிலில் அப்படி ஒரு வடிவம் எங்கும் கிடையாது. தோற்றத்தைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. இரண்டு கொக்கிகளும் ஒன்றையொன்று பக்கவாட்டில் அழுத்தியபடிதான் கோத்து நிற்கும். என்ஜின் பின்னோக்கித் தள்ளும்போது அந்தப் பக்கவாட்டு அழுத்தம் போகிக்கு, அதாவது வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டத்துக்குப் போகும். வளைவில் எடை குறைந்த வேகன் ஒன்று இருந்தால் போதும், சக்கரம் தண்டவாளத்தை விட்டு ஏறிவிடும்.

அசல் நக்கிள் கப்ளரின் கதை 1873இல் தொடங்குகிறது. வர்ஜீனியாவைச் சேர்ந்த ஈலை ஜேனி அந்த ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு கைகளின் விரல்களை மடக்கிக் கோத்துக்கொள்வது போன்ற அமைப்பு அது. அதற்கு முன் இருந்த வளையமும் முளையும் கொண்ட கப்ளரில், ஊழியர் இரண்டு வேகன்களுக்கு நடுவே நின்று கையால் முளையைச் செருக வேண்டும். விரல்களை இழந்தவர்கள் ஏராளம். 1893இல் அமெரிக்க அரசு ரயில் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, தானாகப் பூட்டிக்கொள்ளும் கப்ளரைக் கட்டாயமாக்கியது. நீங்கள் அமைப்பது 1880களின் மேற்கு அமெரிக்கக் காட்சி என்றால், நக்கிள் கப்ளர் அங்கே பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். இன்றைய இந்திய ரயில்வே சரக்கு வேகன்களில் உள்ள சென்டர் பஃபர் கப்ளரும் இதே குடும்பம்தான். ஆகவே பாக்ஸ்என் போன்ற வேகன்களை மாதிரியாகச் செய்பவர்களுக்கும் கீழே வரும் முறைகள் அப்படியே உதவும். பக்க பஃபரும் திருகுக் கப்ளிங்கும் கொண்ட பழைய அகலப்பாதை நான்கு சக்கர வேகன்களுக்கும் பிரிட்டிஷ் வேகன்களுக்கும் இது ஒத்துவராது. அவற்றில் உண்மைத்தன்மை வேண்டுமென்றால் மூன்று வளையச் சங்கிலியோ திருகுக் கப்ளிங்கோதான் போட வேண்டும்.

எந்தக் கப்ளர் வாங்குவது

மாதிரி உலகில் நக்கிள் கப்ளர் என்றதும் முதலில் வரும் பெயர் கேடீ. ஆரிகன் மாநிலத்தில் கீத், டேல் எட்வர்ட்ஸ் என்ற இரட்டைச் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய ஹெச்ஓ கப்ளர் வகைகள் எண்களால் குறிப்பிடப்படுகின்றன. தொடக்கத்தில் மூன்று எண்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

5ஆம் எண் பல தலைமுறையாக விற்கும் அடிப்படை வகை. உலோக வார்ப்புத் தலை. கப்ளரை நடுவுக்குத் திருப்பிக்கொண்டுவர, மெல்லிய வெண்கலத் தகடு ஒன்று தனியாக வரும். கப்ளரின் தண்டு உட்காரும் சிறு பெட்டியான கூட்டுக்குள் அதைச் சரியாக உட்கார வைத்த பிறகே கப்ளரை வைக்க வேண்டும். 148ஆம் எண்ணில் அந்தத் தகடு இல்லை. தண்டின் இரு பக்கமும் மீசை மாதிரி இரண்டு மெல்லிய கம்பிகள் கப்ளரோடு சேர்ந்தே இருக்கும், அவையே நடுப்படுத்தும். உதிரி ஒன்று குறைவு, பொருத்துவதும் எளிது. முதல் முறை செய்பவர்கள் 148இல் தொடங்குவது நல்லது. 158ஆம் எண் அதே மீசை வகைதான். தலை மட்டும் அசல் அளவுக்கு நெருக்கமாகச் சிறிதாக இருக்கும். 5, 148 இரண்டின் தலையும் 1:87 கணக்குக்குச் சற்றுப் பருமனானவை.

அப்படியென்றால் நேராக 158க்கே போய்விடலாமே என்று தோன்றும். போகலாம், ஆனால் தலை சிறுத்தால் மேல்கீழ் பிடிமானமும் குறையும். பெரிய தலைகள் பொறுத்துக்கொள்ளும் உயர வித்தியாசத்தைச் சிறிய தலைகள் பொறுக்காது. தண்டவாளம் ஏறி இறங்கும் இடத்தில் ஒரு தலை மேலாகவோ கீழாகவோ நழுவிப் பிரிந்துவிடும். மேசையோடு நிரந்தரமாகப் பதித்த, சமமான பாதை உங்களிடம் இருந்தால் 158 போடுங்கள். தரையில் விரித்து ஓட்டிவிட்டு மடித்து வைக்கும் பாதை என்றால் 148தான் சரி. இரண்டு வகையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் என்பதால் பிற்பாடு மாற்றுவதிலும் சிக்கல் இல்லை.

கேடீயின் காப்புரிமை காலம் முடிந்த பிறகு, வேறு பல நிறுவனங்களும் ஏறக்குறைய அதே வடிவில் கப்ளர்களைக் கொண்டுவந்தன. புதிதாக வாங்கும் வேகன்களில் இப்போது பெரும்பாலும் அவைதான் இருக்கும். உலோகத்தில் செய்தவற்றைக் கழற்ற வேண்டியதில்லை. பிளாஸ்டிக் வகைகளில் நக்கிளை மூடிவைக்கும் ஸ்பிரிங் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்காக இருக்கும். நாளடைவில் அது விறைப்பை இழக்கும். ஐந்தாறு வேகன் இழுக்கும் ரயிலில் இது தெரியவே தெரியாது. முப்பது வேகன் கோத்து ஏற்றத்தில் இழுத்தால், என்ஜினுக்குப் பக்கத்தில் உள்ள நக்கிள் மெல்லத் திறந்துகொள்ளும். எனவே கைவசம் இருப்பவற்றில் சிலவற்றை மட்டும் மாற்ற முடியுமானால், ரயிலின் முன்பகுதியில் ஓடும் வேகன்களிலிருந்து தொடங்குங்கள்.

தண்டின் நீளத்திலும் வகைகள் உண்டு. மேலே சொன்ன மூன்றும் நடுத்தர நீளம். இரண்டு வேகன்களுக்கு இடையிலான இடைவெளியைக் குறைக்க குட்டைத் தண்டும், வளைவில் முனைகள் இடிக்கும் நீள வேகன்களுக்கு நெட்டைத் தண்டும் கிடைக்கின்றன. ஐரோப்பிய வேகன்களில் என்இஎம் 362 என்ற தரப்படி அமைந்த செவ்வகச் செருகுவாய் இருந்தால் வேலையே இல்லை. பழைய கப்ளரை இழுத்து எடுத்துவிட்டு, கேடீயின் 17, 18, 19, 20 எண்களில் பொருத்தமான நீளத்தைச் செருகிவிடலாம். எண் கூடக் கூட நீளம் கூடும்.

கையில் இருக்க வேண்டியவை

முதலில் வாங்க வேண்டியது கப்ளர்கூட இல்லை, உயர அளவுகோல். கேடீயின் 205ஆம் எண், தண்டவாளத்தின் மேல் உட்காரும் உலோகத் துண்டு. அதன் முனையில் சரியான உயரத்தில் ஒரு கப்ளர் தலையும், கப்ளர் தலைக்குக் கீழே தொங்கும் கம்பியின் (அதைப் பிறகு பார்ப்போம்) உயரத்தைச் சோதிக்க ஒரு படியும் இருக்கும். உலோகம் என்பதால் மின்சாரம் ஓடும் பாதையில் வைத்தால் ஷார்ட் ஆகும்; 206ஆம் எண் அப்படி ஆகாமல் காப்பிடப்பட்டது. எதை வாங்கினாலும் ஒரே ஒரு அளவுகோலை வைத்தே எல்லா வேகன்களையும் சோதியுங்கள். ஒரு வேகனை மற்றொரு வேகனோடு ஒப்பிட்டு உயரம் பார்க்கும் பழக்கம் வேண்டாம்; முதல் வேகனில் உள்ள பிழை வரிசையாக எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும்.

மற்றவை: கையால் சுழற்றும் சிறு டிரில், நுண் அரம், கூர்மையான கத்தி, சாமணம், சிறிய ஸ்குரூ டிரைவர், 0.25 மி.மீ. மற்றும் 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகடு, கிராஃபைட் தூள், போகிக்கு அடியில் போட 0.25 மி.மீ., 0.38 மி.மீ. ஃபைபர் வாஷர்கள். அமெரிக்கக் கிட்டுகள் 2-56 என்ற அங்குலத் திருகை எதிர்பார்க்கும். அதற்கு 1.8 மி.மீ. துளையும் 2-56 டேப்பும் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) வேண்டும். அந்த டேப் கிடைக்காவிட்டால் எம்2 திருகு அதே வேலையைச் செய்யும்: 1.6 மி.மீ. துளை, எம்2 டேப். எம்2 சற்று மெல்லியது என்பதால் கப்ளர் கூட்டின் துளையில் இலேசாக ஆடும். தலை அகலமான திருகாக எடுத்தாலோ ஒரு சிறு வாஷர் சேர்த்தாலோ போதும்.

கப்ளரைத் தொடும் முன்

வரிசை முக்கியம். சக்கரம், போகி, உயரம், அதன் பிறகே கப்ளர். பலர் தலைகீழாகச் செய்வார்கள். பிறகு பிளாஸ்டிக் சக்கரத்தைக் கழற்றி உலோகச் சக்கரம் போடுவார்கள். உயரம் மாறிவிடும், திரும்பவும் முதலிலிருந்து. அசல் 33 அங்குலச் சக்கரம் ஹெச்ஓவில் சுமார் 9.6 மி.மீ. விட்டம், 36 அங்குலச் சக்கரம் சுமார் 10.5 மி.மீ. ஒன்றை எடுத்து மற்றதைப் போட்டால் வேகன் 0.4 மி.மீ.க்கு மேல் உயரும் அல்லது தாழும். கப்ளருக்கு அது பெரிய வித்தியாசம்.

சக்கரம் முடிந்ததும் போகித் திருகுகளைப் பாருங்கள். ஒரு பக்கத் திருகு, போகி திரும்ப மட்டும் இடம் விட்டு இறுக்கமாக. மறுபக்கத் திருகு, போகி திரும்பவும் பக்கவாட்டில் இலேசாகச் சாயவும் இடம் விட்டு. இரண்டு பக்கமும் தளர்வாக இருந்தால் வேகன் தள்ளாடும், ஓடஓடக் கப்ளரின் உயரமும் மாறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வேகனில் அளவுகோல் காட்டும் எதையும் நம்ப முடியாது.

எடையும் சேர்ந்ததுதான். என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி ஹெச்ஓ வேகனுக்கு 1 அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 40 அடி பாக்ஸ் வேகன் மாதிரியில் ஏறக்குறைய 5.5 அங்குலம், அதாவது 14 செ.மீ. ஆகவே 3.75 அவுன்ஸ், சுமார் 106 கிராம் தேவை. கிட்டோடு வரும் இரும்புத் தகட்டை மட்டும் போட்டால் பெரும்பாலும் குறையும். நக்கிள் கப்ளர் பூட்டிக்கொள்ள ஒரு சிறு இடி தேவை. எடை குறைந்த வேகன் அந்த இடியை வாங்காமல் உருண்டு ஓடிவிடும்.

இப்போது உயரம். ஹெச்ஓவில் தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து கப்ளர் தலையின் நடுப்புள்ளி வரை 25/64 அங்குலம், அதாவது 9.9 மி.மீ. இருக்க வேண்டும். புதிய கப்ளரைக் கூட்டில் தற்காலிகமாக வைத்து, மூடியை விரலால் பிடித்துக்கொண்டு அளவுகோலின் எதிரே நிறுத்துங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

சரியாக நேருக்கு நேர் நின்றால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

கப்ளர் தாழ்ந்திருந்தால் போகிக்கும் வேகனின் அடித்தளத்துக்கும் நடுவில் வாஷர் போட்டு வேகனையே தூக்குங்கள். முதலில் 0.25, போதாவிட்டால் 0.38. அந்தப் பக்கப் போகிக்கு மட்டும் போட்டால் வேகன் சாயும் என்பதால் மறுமுனையையும் உடனே சோதியுங்கள். மொத்தம் 0.8 மி.மீ.க்கு மேல் தூக்க வேண்டியிருந்தால் நிறுத்துங்கள். வேகன் பொய்க்கால் மேல் நிற்பதாகத் தெரியும். அப்போது, தண்டு தலையின் நடுவுக்குக் கீழே அமைந்த கப்ளர் வகையை வாங்கினால், வேகன் இருந்த இடத்திலேயே இருக்க, தலை மட்டும் உயரும்.

கப்ளர் உயர்ந்திருந்தால், கூடு தனித் துண்டாக இருக்கும் வேகனில் கூட்டுக்கும் அடித்தளத்துக்கும் நடுவே 0.25 அல்லது 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகடு வைத்துக் கூட்டைக் கீழே இறக்கலாம். கூடு அடித்தளத்தோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருந்தால், போகி உட்காரும் மேட்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து வேகனை இறக்க வேண்டும். நான்கு இழுப்பு, ஒரு சோதனை என்று போங்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. தேய்க்கும் முகம் சாய்ந்துவிட்டால் வேகன் நிரந்தரமாக ஒருபக்கம் சரிந்து நிற்கும். அதற்கும் மனம் வராதவர்கள், தண்டு தலையின் நடுவுக்கு மேலே அமைந்த வகையைப் போடலாம்.

பொருத்துதல்

வேகனில் ஏற்கெனவே கூடு இருக்கிறதா, அது எப்படி மூடப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை மாறும். ஏதர்ன் நிறுவனத்தின் பழைய நீலப் பெட்டி கிட்டுகளில் அடித்தளத்தோடு சேர்ந்த கூடும், அதன்மேல் அழுத்தி மாட்டும் தகர மூடியும் இருக்கும். 148 அதற்குள் நன்றாக உட்காரும். தகர மூடி மட்டும் நம்பத்தக்கதல்ல. நாளடைவில் தளர்ந்து கழன்று விழும், கப்ளரும் தண்டவாளத்தில் விழுந்து பின்னால் வரும் வேகனைக் கவிழ்க்கும். கூட்டின் நடு முளையில் துளை போட்டு மூடியைத் திருகால் பிடிப்பதுதான் நிரந்தரத் தீர்வு.

துளை போடும்போது டிரில்லைக் கையாலேயே சுழற்றுங்கள். மோட்டார் டிரில்லின் வேகத்தில் பிளாஸ்டிக் உருகி முனையைச் சுற்றிக்கொள்ளும். டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று விட்டு விட்டுச் சுழற்றி, சீவலைத் தட்டி எடுங்கள். ஆழத்தையும் கவனிக்க வேண்டும். அடித்தளத்துக்கு மேலே எடைத் தகடு இருக்கும் வேகனில் நீளத் திருகு போய்த் தகட்டை முட்டித் தூக்கும், வேகனின் மேல்பகுதி சரியாக மூடாது. பெரும்பாலும் 5 மி.மீ. அளவுத் திருகு போதுமானது.

கூடே இல்லாத வேகனிலும், பழைய கொக்கி போகியோடு சேர்ந்து வந்த வேகனிலும் வேலை சற்று அதிகம். போகியிலிருந்து நீண்டிருக்கும் கொக்கித் தண்டைப் போகியின் குறுக்குச் சட்டத்தை ஒட்டி வெட்டி, முனையை அரத்தால் வழவழப்பாக்குங்கள். சக்கரத்தில் உரசக் கூடாது. பிறகு கப்ளரோடு வரும் தனிக் கூட்டை அடித்தளத்தில் வைத்துப் பாருங்கள். கூட்டின் முன்விளிம்பு வேகனின் முனைச்சுவரோடு ஒரே கோட்டில், அல்லது ஒரு மயிரிழை வெளியே இருக்க வேண்டும். உள்ளே தள்ளி வைத்தால் வேகன்கள் நெருங்கி அழகாகத் தெரியும்தான். வளைவில் தலை முனைச்சுவரில் இடித்துத் திரும்ப முடியாமல் வேகனைத் தடம்புரளச் செய்யும். நடுக்கோட்டைப் பென்சிலால் குறித்து, கூட்டின் துளை வழியே அடித்தளத்தில் அடையாளம் போட்டு, பிறகு துளையிடுங்கள். கூட்டை ஒட்டிவிடலாமே என்றால், ஒட்டலாம். பிறகு உயரம் தவறென்று தெரிந்தால் பிய்க்க வேண்டிவரும். அதிலும் சூப்பர் குளூ மெல்லிய இடுக்கு வழியே கூட்டுக்குள் ஊர்ந்து கப்ளரையே பிடித்துக்கொள்ளும். திருகுதான் நல்லது.

கூட்டுக்குள் வைக்கும் முன் கப்ளரையும் கூட்டையும் ஒருமுறை தேய்த்துச் சுத்தம் செய்வது இந்த வேலையில் அதிகம் தவறவிடப்படும் படி. வார்ப்பின் விளிம்புப் பிசிறு தண்டின் ஓரத்திலோ கூட்டின் உட்சுவரிலோ இருந்தால் கப்ளர் ஒருபக்கம் போய் அங்கேயே நிற்கும். நுண் அரத்தால் இரண்டு இழுப்பு போதும். பிறகு சிறிது கிராஃபைட் தூளைக் கூட்டுக்குள் தூவி, கப்ளரை வைத்து மூடுங்கள். எண்ணெய் ஒருபோதும் வேண்டாம். தூசியையும் கார்ப்பெட் நூலையும் இழுத்து வைத்துக்கொள்ளும், கொஞ்ச நாளில் பசையாகிவிடும்.

திருகை முழுக்க முடுக்கி, பிறகு கப்ளரை விரலால் ஒருபக்கம் தள்ளி விடுங்கள். டக்கென்று நடுவுக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் திருகைக் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். மூடி அழுந்தியதுதான் காரணம் என்றால் உடனே சரியாகும். அப்படியும் வராவிட்டால் பிசிறு அல்லது வளைந்துபோன மீசைக்கம்பி.

கீழே தொங்கும் கம்பி

கேடீ வகைக் கப்ளரின் தலைக்கு அடியில் வளைந்த எஃகுக் கம்பி ஒன்று தொங்கும். தண்டவாளத்துக்கு நடுவில் வைக்கும் காந்தத்தின் மேல் வேகன் நிற்கும்போது, அந்தக் கம்பிகள் பக்கத்துக்கு ஒன்றாக இழுக்கப்பட்டு நக்கிள்கள் திறக்கும். கை படாமல் வேகனைப் பிரிக்கும் வித்தை இதுதான். கம்பியின் கீழ்முனை தண்டவாள மேல்முகத்திலிருந்து சுமார் 0.8 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். அளவுகோலின் கீழ்ப்படி இதற்குத்தான். தாழ்ந்திருந்தால் பாதை பிரியும் இடங்களான பாயின்ட்டுகளிலும் லெவல் கிராசிங்கிலும் சிக்கும். உயர்ந்திருந்தால் காந்தம் இழுக்காது. வளைக்கும்போது கப்ளர் தலையை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கம்பிக்குப் பதில் தண்டு வளையும். இதற்கென்றே வளைந்த தாடையுள்ள குறடு விற்கிறது. நிறைய வேகன் உள்ளவர்கள் வாங்கலாம்.

ஒருவகையில் இந்தக் கம்பி, அசல் வேகனின் பிரேக் காற்றுக் குழாயைப் போலத் தெரியும் என்பது வசதி. உண்மையில் அசல் குழாய் கப்ளருக்கு நேர் கீழே இல்லை, பக்கத்தில் தள்ளித் தொங்கும். காந்தத்தை நீங்கள் பயன்படுத்தப்போவதே இல்லை என்றால் கம்பியை வெட்டிவிட்டு, பக்கவாட்டில் மெல்லிய ரப்பர் குழாய்த் துண்டை ஒட்டுங்கள். தோற்றத்தில் கிடைக்கும் முன்னேற்றம், 148ஐ 158 ஆக்குவதைவிடவும் அதிகம் என்பது எங்கள் கருத்து. வெட்டும்போது பிளாஸ்டிக் வெட்டும் நிப்பரைப் பயன்படுத்தினால் அதன் கூர் அங்கேயே போய்விடும். கடின எஃகு வெட்டும் கட்டர் வேண்டும், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், துண்டு தெறிக்கும். பிறகு வேகனைப் பிரிக்க, முனை சீவிய மூங்கில் குச்சியை இரண்டு நக்கிள்களுக்கு நடுவே மேலிருந்து விட்டு இலேசாகத் திருகினால் போதும்.

ஓடும்போது வரும் தொல்லைகள்

ஏற்றம் தொடங்கும் இடத்தில் மட்டும் பிரிகிறது என்றால் உயர வித்தியாசம். பாதை சட்டென்று மேலேறும் இடத்தில் ஒரு வேகன் முனை தூக்கும், அடுத்தது தாழும், தலைகள் நழுவும். இரண்டு வேகனையும் அளவுகோலில் பாருங்கள். இரண்டும் சரியென்றால் குற்றம் பாதையில், ஏற்றத்தைப் படிப்படியாக்க வேண்டும்.

நேர்ப்பாதையில் கண்டபடி பிரிகிறது என்றால் நக்கிள் ஸ்பிரிங்கைப் பாருங்கள். கேடீயில் அது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய சுருள்; கழன்று போயிருக்கும். புதியதை மாட்டும்போது கத்தி முனையை ஸ்பிரிங்கின் ஒரு முனைக்கு அருகில் சுருளுக்குள் செருகி, மறுமுனையை ஒரு முளையில் மாட்டி, அமுக்கி அடுத்த முளையில் விடுங்கள். வேகன், கத்தி, கை எல்லாவற்றையும் தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு செய்தால், தெறிக்கும் ஸ்பிரிங் பைக்குள்ளேயே கிடைக்கும். தரையில் விழுந்த ஸ்பிரிங்கைத் தேடுவது வீண்வேலை.

காந்தம் இருக்கும் இடத்தில் மட்டும், நிற்காமல் போகும்போதே பிரிகிறது என்றால் நன்றாக உருளும் வேகன்கள் முன்னே ஓடி, கப்ளர்களுக்கு நடுவே இழுவிசை தளர்கிறது என்று பொருள். நிரந்தரக் காந்தத்தை வளைவிலும் இறக்கத்திலும் வைக்காதீர்கள். யார்டின் நேர்ப்பாதைதான் அதற்கு இடம்.

வளைவில் தள்ளும்போது தடம்புரண்டால், வளைவுக்கு வேகன் நீளம் அதிகமாக இருக்கலாம். கப்ளர் போகியோடு இல்லாமல் வேகன் உடலில் இருப்பதால் வளைவில் இரண்டு தலைகளும் ஒரே கோட்டில் நிற்காது. வளைவின் ஆரம் வேகன் நீளத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும் என்பது பொதுவான கைக்கணக்கு. 14 செ.மீ. வேகனுக்கு 42 செ.மீ.; பெட்டியோடு வரும் 457 மி.மீ. ஆர வளைவு அதற்குப் போதும். 50 அடி வேகன் 17.5 செ.மீ., அதற்கு 52 செ.மீ.க்கு மேல் வேண்டும். 85 அடிப் பயணிகள் பெட்டி ஏறக்குறைய 30 செ.மீ.; அதற்கு 90 செ.மீ. ஆரம் உள்ளவர்கள் குறைவு, ஆகவே அவற்றில் நெட்டைத் தண்டுக் கப்ளரோ போகிக் கப்ளரோ இருப்பதே நடைமுறை.

தலை முன்பக்கமாகத் தொங்கிப்போய்க் கம்பி பாயின்ட்டில் தட்டினால், கூட்டுக்குள் தண்டு ஆடுகிறது. மூடிப் பக்கம் தண்டுக்கு அடியில் 0.1 மி.மீ. அளவுக்கு மெல்லிய பிளாஸ்டிக் கீற்று ஒன்றை வையுங்கள். கம்பியை மேலே வளைத்துச் சமாளிப்பது தவறு. தலை தொங்கியபடியேதான் இருக்கும்.

'என்' அளவில்

1:160இல் பழைய கொக்கி, ஜெர்மனியின் ஆர்னால்ட் நிறுவனம் கொண்டுவந்த ரபிடோ. இரும்புப் பெட்டி மாதிரி பருத்த தலை, வேகன்களுக்கு நடுவே அகலமான இடைவெளி. அதனால் 'என்' அளவில் கப்ளர் மாற்றினால் தெரியும் வித்தியாசம் ஹெச்ஓவைவிட அதிகம். கேடீயிலிருந்து 1990இல் பிரிந்த மைக்ரோ-டிரெயின்ஸ் இந்த அளவின் முதன்மைப் பெயர். எளிய வழி, கப்ளரோடு சேர்ந்த போகியையே வாங்கி மாற்றுவது: ஒரு முளையை நெம்பி எடுத்து, புதியதை அழுத்தினால் முடிந்தது. 248 மி.மீ. ஆரம் உள்ள இறுக்கமான வளைவுக்கும் இது ஒத்துவரும். தோற்றம் முக்கியம் என்றால் 1015ஆம் எண்ணை வேகன் உடலில் பொருத்த வேண்டும். முறை மேலே சொன்னதுதான், எல்லா அளவும் சிறியது, திருகும் நுண்ணியது. உயரத்துக்குத் தனி அளவுகோல் வேண்டும். ஹெச்ஓ அளவுகோல் உதவாது.

இதில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. மைக்ரோ-டிரெயின்ஸ் கப்ளரில் நடுப்படுத்தும் ஸ்பிரிங் முன்னும் பின்னும் அசைய இடம் தரும். நீள ரயிலின் கடைசி வேகன்கள் இறக்கத்தில் முன்னும் பின்னுமாக ஊசலாடும். கடைசியில் போகும் கபூஸின் (கார்டு வேகன்) ஒரு அச்சில் மெல்லிய ஸ்பிரிங்கை உரசும்படி வைத்து இலேசான பிரேக் கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும்.

பெயின்டும், பழைய வேகன்களும்

அசல் கப்ளர்களுக்குப் பொதுவாகப் பெயின்ட் அடிப்பதில்லை. விரிசல் தெரிய வேண்டும் என்பதால் வெறும் இரும்பாகவே விடுவார்கள். எனவே அவை துருப்பழுப்பில்தான் இருக்கும். நீர்த்த அக்ரிலிக் துருநிறத்தைத் தலையின் முகத்திலும் வெளித்தெரியும் தண்டிலும் மட்டும் தடவுங்கள். நக்கிள் மடங்கும் மூட்டிலும் கூட்டுக்குள் போகும் தண்டிலும் பெயின்ட் படக் கூடாது. காயும்வரை இடையிடையே நக்கிளைத் திறந்து மூடிக்கொண்டிருங்கள்.

எல்லா வேகனையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாது என்பதால், ஒரு வேகனை மட்டும் ஒரு முனையில் புதிய கப்ளரும் மறுமுனையில் பழைய கொக்கியுமாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய வேகன்களை என்ஜின் பக்கமும், மாற்றாதவற்றைப் பின்னாலும் கோத்து, நடுவே அந்த வேகனை விட்டால் ரயில் ஓடிக்கொண்டே இருக்கும். மாற்றிய ஒவ்வொரு வேகனையும் முழு ரயிலின் நடுவில் விட்டு, யார்டின் பாயின்ட்டுகள் வழியே பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். முன்னே இழுக்கும்போது மறைந்திருக்கும் குறைகள் தள்ளும்போதுதான் வெளியே வரும். தள்ளும்போதும் தடம்புரளாமல், பிரியாமல் போனால், வேகனின் அடியில் பென்சிலால் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.